கண்ணாடிக் கடைக்காரரின் கலங்கல்

லாரி கழுவும் இடத்துக்குப் பின்னால் தேங்கிக் கிடக்கும் தண்ணீரின் ஓரத்தில், ஒரு முழங்காலைச் சேற்றிலும் மற்றதைப் பழைய செய்தித்தாளின் மேலும் ஊன்றி, மூக்கு நனைந்துவிடும் அளவுக்குக் குனிந்து, மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறார் ஒருவர். கையில் கேமரா. சட்டைப்பைப் பேனா தண்ணீருக்குள் குதிக்க நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறது. லாரியிலிருந்து இறங்கிய கிளீனர் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, மனம் கேட்காமல் அருகே வருகிறார்.

“என்ன சார் தொலைச்சீங்க? சொல்லுங்க, நானும் தேடறேன்.”

“ஒண்ணும் தொலைக்கலைங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, உங்க நிழல் விழுது.”

“சாவியா?”

“எண்ணெய்.”

“எண்ணெயைத் தொலைச்சிட்டீங்களா?”

தண்ணீரின் மேல் டீசல் படலம் ஒன்று மெல்ல நகர்ந்து, எதிர்ச்சுவரின் நீலத்தையும் வானத்தின் வெள்ளையையும் பிசைந்துகொண்டிருக்கிறது. கேமரா ஒரு முறை சொடுக்குகிறது. எழுந்து நின்று, சேற்று முழங்காலோடு, கேமராவின் பின்பக்கத்தைக் கிளீனரிடம் காட்டுகிறார். கிளீனர் மரியாதை தெரிந்தவர். நன்றாகப் பார்க்கிறார்.

“நல்லா இருக்கு சார். என்ன இது?”

“என்ன இதுன்னு கேட்காதீங்க. பாருங்க.”

கிளீனர் மறுபடியும் பார்க்கிறார். பிறகு லாரியைக் கழுவப் போய்விடுகிறார். வழக்கத்தைவிட அழுத்தித் தேய்க்கிறார். நடுநடுவே திரும்பிப் பார்த்துக்கொள்கிறார், இந்த மனிதர் பாதுகாப்பாக வீடு போய்ச் சேருவாரா என்று.

போய்ச் சேருவார். குளித்து, வேறு கால்சட்டை மாட்டி, கடையைத் திறந்து உட்காருவார். கடை என்ன கடை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்: மூக்குக்கண்ணாடிக் கடை. காலையில் மங்கலைத் தேடி ஊரெல்லாம் சேறு மிதிக்கிறவர், கடை திறந்த பிறகு அதே ஊருக்குத் தெளிவை விற்கிறார்.

மருந்துக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில், ஆள் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைய வேண்டும் என்கிற அகலத்தில் அந்தக் கடை இருக்கிறது. உள்ளே ஒரு சுழல் நாற்காலி; எதிரே எழுத்துப் பலகை. வந்தவரை உட்காரவைத்து, கனத்த வட்டச் சட்டம் ஒன்றை மூக்கில் மாட்டி, அதில் ஒவ்வொரு லென்ஸாகப் போட்டு எடுத்துக் கேட்பார்: “இதுல நல்லாத் தெரியுதா, இதுலயா?” எத்தனை முறை கேட்டாலும் குரலில் சலிப்பு இருக்காது. பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் இயந்திரம் வீறிடும். மயிரிழை பிசகினாலும் அந்த லென்ஸ் குப்பைக்குப் போகும். “சுமாரா இருக்கு, போதும்” என்று எழுந்திருக்கப் பார்க்கும் வாடிக்கையாளரைத் தோளைப் பிடித்து உட்காரவைப்பார். “சுமாரா எதுக்குங்க தெரியணும்? தெரிஞ்சா முழுசாத் தெரியணும்.” இதைச் சொல்லும்போது அவர் தலைக்கு மேலே, சுவரில், ஒன்றுமே தெரியாத ஒரு படம் தொங்கிக்கொண்டிருக்கும்.

தண்ணீர் விஷயத்தில் அவருக்கு இருக்கிற பாகுபாடு பெண் பார்க்கப் போகிறவர்களுக்குக்கூட இருக்காது. ஏரி, அருவி, ஓடை என்று மற்றவர்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற இடங்களின் பக்கமே அவர் தலைவைத்துப் படுப்பதில்லை. “சுத்தமான தண்ணி ரொம்ப உத்தமமா இருக்கும். மரத்தைக் காட்டினா மரம்னு சொல்லிடும். அதுக்கு எதுக்கு நான்?” சாக்கடையின் திருப்பம், கார் கழுவுமிடம், கூரைத் தண்ணீர் சொட்டித் தேங்கும் சிமென்ட் பள்ளம், இவையே அவருடைய புண்ணிய தலங்கள். சோப்பு நுரை கலந்திருந்தால் விசேஷம். காற்று கொஞ்சம் இருக்க வேண்டும், அதிகம் கூடாது. காற்றே இல்லாவிட்டால் அவரே குனிந்து, சூடான டீயை ஆற்றுவதுபோலக் கன்னத்தை உப்பி ஊதுவார். சாக்கடையை ஊதி ஆற்றும் மனிதரைப் பார்த்த மருந்துக் கடைக்காரர்தான் அவருக்குக் ‘கலங்கல்’ என்று பெயர் வைத்தார். தெரு முழுக்க அது ஒட்டிக்கொண்டது. அவரும் அதை ஒரு பட்டம்போல வாங்கி வைத்துக்கொண்டார்.

மீன் அவருக்குப் பகை. வாத்து பெரும்பகை. இலை எல்லாவற்றையும்விட மோசம். நல்ல கலங்கலாக அமைந்துவந்த படத்தில் ஒரு சருகு வந்து விழுந்தால் அந்த இடத்திலேயே அழித்துவிடுவார். “இலை விழுந்தா போச்சுங்க. பார்க்கிறவன், ‘ஓ, இலை’ன்னு சொல்லிட்டு நிம்மதியா வீட்டுக்குப் போயிடுவான்.” யாரையும் நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்பதுதான் அவருடைய கலைக் கொள்கை.

இன்னொரு கொள்கையும் உண்டு. எந்தப் படத்துக்கும் பெயர் கிடையாது. எங்கே எடுத்தது, எதன் பிம்பம், எதையும் சொல்ல மாட்டார். “பேர் வெச்சா பார்க்க மாட்டாங்க, படிப்பாங்க.” கேட்டுக்கொண்டே இருந்தால் மட்டும், ஒருநாள் சொன்னதுபோல, கொஞ்சம் இறங்கிவருவார்: “நாள் பூரா ஒவ்வொருத்தரையும் உட்காரவெச்சு, இது என்ன எழுத்து, இது என்ன எழுத்துன்னு கேட்டுக்கிட்டே இருக்கேன். ஒரு சுவத்துலயாவது எழுத்து இல்லாம இருக்கட்டுமே.”  கேட்டவர்தான் பேச்சை மாற்றிவிட வேண்டியிருக்கிறது.

தெருமுனையில் பள்ளம் விழுந்தபோது கடைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து புகார் எழுதினார்கள். இவர் மட்டும் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

“கையெழுத்தைப் போடு கலங்கல். என்ன யோசனை?” என்றார் மருந்துக் கடைக்காரர்.

“அந்தப் பள்ளம் எனக்கு எவ்வளவு நல்ல படமெல்லாம் கொடுத்திருக்கு தெரியுமா?”

“எனக்குக் கணுக்கால் சுளுக்கு கொடுத்திருக்கு. போடறியா இல்லையா?”

போட்டார். தார் கொதிக்கும் வண்டியும் உருளையும் வந்த அன்று, துக்க வீட்டு வாசலில் நிற்பவர்போலக் கடை வாசலில் கை கட்டி நின்றிருந்தார். புதுச் சாலையில் அடுத்த மழைக்கே வேறு பள்ளம் விழுந்துவிட்டது. கலையைக் காப்பாற்றுவதில் ஒப்பந்தக்காரர்களுக்கு இருக்கிற அக்கறை வேறு யாருக்கும் இல்லை.

கடையில் கல்லாவையும் வாடிக்கையாளரையும் அவருடைய மனைவி பார்த்துக்கொள்கிறார். கணவரையும் பார்த்துக்கொள்கிறார். அந்தப் படங்களுக்கு அவர் வைத்திருக்கும் பொதுப்பெயர் “உங்க சாக்கடை.” வீட்டில் ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது இவர் இரண்டு படங்களைக் கொண்டுவந்து, தொழில் பழக்கத்தில், அதே தொனியில் கேட்பார்: “இது நல்லா இருக்கா, இதுவா?”

“எது சின்னதோ அது. சுவத்துல இடம் இல்லை.”

“அளவைக் கேட்கலைம்மா. பார்த்தா என்ன தோணுது?”

“துடைக்கணும்னு தோணுது.”

சுவரில் இடமில்லாமல் போனதால் படங்கள் உறவினர் வீடுகளுக்குப் பரவின. கல்யாணம், புதுமனை, பிள்ளைப்பேறு எதுவானாலும் இவரிடமிருந்து சட்டம் போட்ட ஒரு கலங்கல் வரும். உறவுக்காரர்களிடையே அதற்கு ஒரு சமாளிப்பு முறை உருவாகியிருக்கிறது. அவர் வருகிறார் என்று தெரிந்தால் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்து மாட்டுவார்கள். போன பிறகு கழற்றிவிடுவார்கள். நிரந்தரமாக மாட்டி வைத்திருப்பவர் மனைவியின் தம்பி ஒருவர்தான். பெயின்ட் கடை வைத்திருப்பவர். “மாமா, உங்க படத்தை நாங்க கழட்டறதே இல்ல. ஃபியூஸ் பெட்டியை மறைக்க அளவெடுத்த மாதிரி இருக்கு.” கரண்ட் போகும்போதெல்லாம் அந்தக் குடும்பம் டார்ச் அடித்துக்கொண்டு அந்தப் படத்தை நெருங்கிப் பார்ப்பதாக மைத்துனர் சொல்வார். வேறெந்தக் கலைஞருக்கும் இப்படி வாய்த்ததில்லை.

போட்டிகளுக்கும் அனுப்பிப் பார்த்தார். இயற்கைப் பிரிவில், படத்தில் இயற்கையைக் காணோம் என்று திருப்பினார்கள். அருவப் பிரிவில், இது வெறும் தண்ணீர்தானே என்று திருப்பினார்கள். ஒரு நடுவர் மட்டும் அக்கறையோடு, நல்ல கண்ணாடிக் கடையாகப் பார்த்துக் கண்ணைச் சோதித்துக்கொள்ளும்படி அறிவுரை சொல்லியிருந்தார்.

அவருக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. சொந்தபந்தம் இல்லாத ஒரு சுவர். தன் முகத்துக்காக இல்லாமல், படத்துக்காகப் படத்தைப் பார்க்கும் நான்கு பேர். அதுவும் ‘என்ன இது’ என்று கேட்காமல். இந்த ஆசையை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மனைவிக்கு மட்டும் தெரியும், அவர் சொல்லாமலே.

அந்தச் சுவர் ஒருநாள் கடைக்குள் தானாக நடந்து வந்தது. கண் மருத்துவமனையின் பெரிய டாக்டர், தன் கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்குகிறது என்று கொண்டுவந்தார். இவர் திருகு முடுக்கிக்கொண்டிருந்தபோது அந்த அம்மாள் சுவரைப் பார்த்தார். கண்ணாடி இல்லாமல் பார்த்தார் என்பதையும் இங்கே சொல்லிவிடுவது நியாயம்.

“இதெல்லாம் யார் எடுத்தது?”

“இவர்தான் டாக்டர். நானும் எவ்வளவோ சொல்லிப் பார்த்துட்டேன்” என்றார் மனைவி.

“ரொம்ப நல்லா இருக்கே! மனசுக்கு அமைதியா இருக்கு. எங்க காத்திருப்புக் கூடத்துல ஒரு பக்கச் சுவர் முழுசும் காலியாக் கிடக்கு. புதுசா வெள்ளையடிச்சது. கொடுப்பீங்களா?”

‘அமைதி’ என்ற சொல் அவருக்குக் கொஞ்சம் உறுத்தியது. இருந்தாலும் சுவர் என்ற சொல் அதைவிடப் பெரியதாக இருந்தது. திருகாணி கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது. மண்டியிட்டுத் தேடிக்கொண்டே, மேசைக்கு அடியிலிருந்து ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: படத்துக்குக் கீழே பெயர், விளக்கம், எதுவும் கூடாது.

“வேண்டவே வேண்டாம்” என்றார் டாக்டர். அந்த நிபந்தனைக்குத் தன் மருத்துவமனை என்ன விலை கொடுக்கப் போகிறது என்று அவருக்கு அப்போது தெரியாது.

படங்களைத் தேர்ந்தெடுக்க அவர் பட்ட பாட்டில் ஒரு வாரம் கடைக்கு வந்தவர்களெல்லாம் வலது கண்ணுக்கும் இடது கண்ணுக்கும் நடுவில் காத்துக் கிடந்தார்கள். பெரிய படம் ஒன்றை நடுவில் வைப்பதென்று முடிவானது: மஞ்சள் பட்டை ஒன்று நெளிந்து கிடக்க, அதை வெள்ளைத் துண்டுகள் வெட்டிச் செல்ல, மேலே கறுப்பு வட்டம்போல எதுவோ உடைந்து உடைந்து தெரிகிற படம். அதன் இரு பக்கமும் பச்சையும் சாம்பலுமாகச் சின்னப் படங்கள். மைத்துனர் வண்டி கொண்டுவந்தார். சுவரில் ஆணி அடித்தபோது தன் தொழில் கருத்தையும் சொன்னார்: “மாமா, இந்த மஞ்சள் நம்ம கடையில இருக்கு. வெளிச்சுவருக்கு அடிச்சா மழை தாங்கும்.”

ஆக, தன் வாழ்க்கையின் முதல் கண்காட்சியை அவர் தொடங்கினார். பார்வையாளர்களில் பாதிப் பேர் ஒரு கண்ணில் கட்டுப் போட்டிருந்தார்கள். மீதிப் பேர் கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு, செவிலி சொன்னபடி, இமையை மூடி அண்ணாந்து உட்கார்ந்திருந்தார்கள். கலைக் கூடங்களில் இவ்வளவு அமைதி கிடைப்பது அரிது.

மதிய இடைவேளையில் சாப்பாட்டை அவசரமாக விழுங்கிவிட்டு, அங்கே போய்க் கடைசி நாற்காலியில் நோயாளிபோல உட்கார்ந்துகொள்வார். யாராவது பார்க்கிறார்களா என்று பார்ப்பார். முதல் சில நாள் யாரும் பார்க்கவில்லை. அப்புறம் பார்த்தார்கள்.

கூடத்தின் ஒரு மூலையில் கட்டுப் பிரிக்கும் அறை. கதவைத் திறந்து வெளியே வந்தால் நேர் எதிரே அந்தச் சுவர். கண்புரை எடுத்த கண்ணால், முதன்முதலாக, நம்பிக்கையோடு உலகத்தைப் பார்க்க வருகிறவர்களுக்கு உலகம் முதலில் காட்டியது அந்த மஞ்சள் நெளிவைத்தான். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் தொடங்கிவைத்தார்.

“சிஸ்டர்! சிஸ்டர், எனக்குக் கண்ணு போச்சு! எல்லாம் ஓடுது!”

“எங்கம்மா ஓடுது?”

“அந்தச் சுவத்துல! கலங்கிக் கலங்கி ஓடுது!”

“அது படம்மா.”

“படம்னா படத்துல என்ன இருக்கு? சொல்லு பார்ப்போம்.”

செவிலி திரும்பிப் பார்த்தார். சொல்ல முடியவில்லை. அந்தத் தயக்கம் போதுமானதாக இருந்தது. ஆசிரியை உட்கார்ந்து அழுதார். பக்கத்தில் இருந்தவர் தன் நல்ல கண்ணை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்தார். அவருக்கும் எல்லாம் ஓடியது. கொஞ்ச நேரத்தில் அந்த வரிசை முழுதும் உள்ளங்கையால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

இதைக் கடைசி நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவருக்கு நடந்தது என்னவென்று விளங்கவே நேரம் பிடித்தது. ஒரு கூடமே தன் படத்தைக் கண் கொட்டாமல் பார்க்கிறது. முன்னால் சாய்ந்து பார்க்கிறது. ஒரு கண்ணால் பார்த்து, பிறகு மறு கண்ணால் சரிபார்க்கிறது. அவர் கனவில்கூட ரசிகர்கள் இவ்வளவு சிரத்தை காட்டியதில்லை. கடைக்குத் திரும்பி வந்து மனைவியிடம் சொன்னார்: “அழுதாங்கம்மா. ஒருத்தங்க அழுதே போயிட்டாங்க.”

“எதுக்கு அழுதாங்க?”

அதை அவர் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

தலைமைச் செவிலி வந்து சொன்னார். மூச்சு வாங்க, வாசலிலேயே நின்று. “சார், உங்க படத்தால எங்க உசுரு போகுது. உள்ள கடைசி வரி வரைக்கும் கடகடன்னு படிக்கிறாங்க. வெளிய வந்து அதைப் பார்த்துட்டு மறுபடி உள்ள ஓடி வர்றாங்க. நேத்து ஒரு தாத்தா, ஆபரேஷன் பண்ணினதைத் திரும்ப அவிழ்த்து எடுங்கன்னு சண்டை போட்டாரு.”

பெரிய டாக்டர் நல்லவர். கலை பிடிக்காதவர் என்று பேர் வாங்கவும் அவருக்கு விருப்பமில்லை. இரண்டு வழி சொல்லி அனுப்பியிருந்தார். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் இது இன்னதின் பிம்பம் என்று எழுதிவைக்கலாம். கூடவே, ‘இது படம். உங்கள் பார்வையில் குறை இல்லை’ என்று கொட்டை எழுத்தில் ஒரு பலகையும் மாட்டலாம். அது வேண்டாமென்றால், வருத்தத்தோடு, படங்களை எடுத்துக்கொள்ளலாம்.

கண்ணாடிக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. “படம் மாட்டிட்டு, பக்கத்துலயே மன்னிப்பும் கேட்டு எழுதி மாட்டணுமா? பஸ்ஸு, சுவரு, பக்கெட்டுன்னு எழுதணுமா? அதுக்கு நான் பஸ்ஸையே எடுத்திருப்பேனே!”

“எழுதித்தான் கொடுங்களேன். என்ன குறைஞ்சு போயிடும்?” என்றார் மனைவி.

“எல்லாம்.”

“அங்கேயிருந்துதான் நமக்கு ஆளுங்க வர்றாங்க, ஞாபகம் இருக்கா? கண்ணை அவங்க பார்த்து அனுப்பறாங்க, கண்ணாடியை நாம போட்டு அனுப்பறோம். உங்க படத்தைப் பார்த்துப் பயந்து ஓடறவன் கண்ணாடிக்கு எங்க வருவான்?”

“அப்ப எடுத்துடறேன்.”

“எடுக்கச் சொல்லலைங்க.” மனைவி கல்லாப்பெட்டியைச் சாத்தினார். பிறகு, வழக்கமில்லாத குரலில் சொன்னார்: “நாலு பேர் பார்க்கற மாதிரி இப்பதானே மாட்டியிருக்கு.”

அவர் கேட்கிற நிலையில் இல்லை. மைத்துனர் ஆறுதல் சொல்ல வந்தார். “விடுங்க மாமா. ஜனங்க கண்ணீர் விட்ட கண்காட்சின்னு பின்னால சொல்லிக்கலாம். பொய்யும் இல்ல.” பிறகு, பெரிய படத்துக்குத் தன் வீட்டில் தண்ணீர்க் குழாய் மீட்டருக்கு மேலே இடம் இருப்பதாகவும் சொன்னார்.

மறுநாள் மத்தியானம் பழைய படுக்கை விரிப்புகளை மடித்து எடுத்துக்கொண்டு, கணவனும் மனைவியும் மைத்துனருமாக மருத்துவமனைக்குப் போனார்கள். கண்ணாடிக்காரர் ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுக்க, மனைவி வாங்கிச் சுற்றி வைத்தார். சாம்பல் படங்கள் இறங்கின. பச்சைப் படங்கள் இறங்கின. வெள்ளைச் சுவரில் ஆணிகள் மட்டும் நின்றன. வரிசையில் இருந்தவர்கள், சுவருக்குப் பார்வை திரும்பி வருவதைப் பார்ப்பதுபோல நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவிலிருந்த பெரிய மஞ்சள் படம் மட்டும் மிச்சம். அவர் ஸ்டூலை அதற்குக் கீழே நகர்த்தினார்.

“ஒரு நிமிஷம் சார். எடுத்துடாதீங்க.”

முதல் நாற்காலியில் இருந்தவர் சொன்னார். அகலமான தோள், முழங்கை வரை வெயிலில் கறுத்த வலது கை. அப்போதுதான் கட்டுப் பிரித்திருந்தார்கள். கன்னத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்த தடம் இன்னும் சிவந்திருந்தது. மருந்து வாங்கப் போன மகள் திரும்பி வரவில்லை. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்க இங்க வேலை பார்க்கறவரா சார்?”

“இல்லைங்க. படம் என்னோடது.”

“அப்ப உங்களுக்குத் தெரியும். என்ன சார் இருக்கு அதுல?”

சாதாரணமாக இருந்தால் இந்த இடத்தில் ஒரு சொற்பொழிவே நடந்திருக்கும். பழக்கம் விடவில்லை. “உங்களுக்கு என்ன தெரியுது, அதைச் சொல்லுங்க” என்றார் கண்ணாடிக்காரர்.

“மஞ்சளா ஒண்ணு. நடுவுல வெள்ளை வெள்ளையா. எல்லாம் நெளியுது சார். நிக்கவே மாட்டேங்குது.”

அவருடைய படங்களுக்கு இதுவரை கிடைத்த விமர்சனங்களிலேயே இதுதான் சிறந்தது. அவர் முகம் ஒரு கணம் மலர்ந்தும்விட்டது. அப்போதுதான், மகள் வந்துவிட்டாளா என்று அந்த மனிதர் வாசலைத் திரும்பிப் பார்ப்பதைக் கவனித்தார்.

“உள்ள எழுத்தெல்லாம் படிச்சீங்கதானே?”

“படிச்சேன். ஆனா எனக்கு முன்னால நாலு பேரு சத்தமாப் படிச்சாங்களே சார். மனப்பாடம் ஆயிடுச்சு. கண்ணு படிச்சுதா, வாய் படிச்சுதான்னு எனக்கே தெரியல.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நான் பஸ் ஓட்டறவன். இந்தக் கண்ணு சரியானாத்தான் மறுபடி வண்டியில உட்கார விடுவாங்க. இல்லேன்னா டெப்போவுல டோக்கன் கொடுக்கச் சொல்லிடுவாங்க. பொண்ணுகிட்ட நல்லாத் தெரியுதுன்னு சொல்லிட்டேன். தெரியுதா இல்லையான்னு நீங்க சொல்லுங்க சார். என்ன இருக்கு அதுல?”

மனைவி விரிப்பை மடித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். 

“அது வந்து…” என்று ஆரம்பித்தார் கண்ணாடிக்காரர். சொல்லிவிட்டால் ஓட்டுநர் நம்பிக்கொள்வார். எழுத்துப் பலகையைப்போல இதுவும் மனப்பாடம் ஆகிவிடும். சொல்வதை நிறுத்திக்கொண்டார். ஸ்டூலில் ஏறினார். படத்தை ஆணியிலிருந்து தூக்கினார். கீழே இறங்கி, தண்ணீர் அவருக்குக் கொடுத்தபடியே இத்தனை நாளும் தொங்கிக்கொண்டிருந்த அந்தப் படத்தை, மேல்பக்கம் கீழே போகும்படி தலைகீழாகத் திருப்பினார். மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு ஓட்டுநருக்கு எதிரே நின்றார்.

ஓட்டுநர் முன்னால் சாய்ந்தார். வரிசையும் கூடவே சாய்ந்தது.

“மஞ்சள்… இரு, இரு. அந்த வெள்ளையெல்லாம் ஜன்னலு.” பொத்தியிருந்த கையைத் தன்னையறியாமல் இறக்கினார், பிறகு நினைவு வந்து, நல்ல கண்ணையே அழுத்திப் பொத்திக்கொண்டார். “சக்கரம். அட! பஸ்ஸு சார்! பஸ்ஸுதானே? நெளிஞ்சாலும் பஸ்ஸுதான். முன்கதவு தெறந்திருக்கு.” இன்னும் சாய்ந்தார். “டிரைவர் சீட்டுல ஆளில்ல.”

“ஆமாங்க” என்றார் கண்ணாடிக்காரர். “ஆளில்ல.”

ஓட்டுநர் சிரித்தார். கண்ணைத் துடைக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் கன்னத்தை மட்டும் துடைத்துக்கொண்டார்.

“எங்க, இந்தப் பக்கம் காட்டுங்க தம்பி” என்றது இரண்டாவது நாற்காலி.

அவர் ஓர் அடி நகர்ந்தார். ஜன்னல் வெளிச்சம் படத்தின் கண்ணாடியில் பட்டு அங்கே இருந்த அம்மாளின் புதுக் கண்ணைக் கூசவைத்தது. தலைகீழாகப் பிடித்திருந்த படத்தை, மோவாயால் மேல் விளிம்பை அழுத்தி, கொஞ்சம் முன்னால் சாய்த்துக் கொடுத்தார்.